இரண்டு சிசேரியன் ஆனவருக்குக் கர்ப்பப்பைக் கட்டி: துளை வழியா, கீழ் வழியா, ரோபோவா?

கேள்வி: அக்காவுக்கு 44 வயது. இரண்டு குழந்தைகளும் சிசேரியன். மாதவிடாயின்போது ரத்தம் கட்டி கட்டியாகப் போகிறது, ஹீமோகுளோபின் 8.1. ஸ்கேனில் 6 செ.மீ. கட்டி (ஃபைப்ராய்டு), கர்ப்பப்பை 12 வார அளவு, அதாவது 12 வாரக் கர்ப்பத்தில் இருக்கும் அளவு, என்று எழுதியிருக்கிறது. அண்ணா நகரில் பார்த்த டாக்டர் லேப்ராஸ்கோபியில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொரு இடத்தில் ரோபோ பேக்கேஜ் சொல்கிறார்கள். அக்காவின் மாமியாரோ வயிற்றைத் திறந்து செய்தால்தான் சுத்தமாக எடுப்பார்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று பேருமே எந்த வழியாக எடுப்பது என்றுதான் பேசுகிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா என்பது நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இன்னும் முடிவாகவில்லை. அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். 6 செ.மீ. என்ற அளவைவிட அந்தக் கட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கர்ப்பப்பையின் வெளிப்பக்கம் தொங்கும் 8 செ.மீ. கட்டி மாதவிடாயைத் தொடாமலே இருக்கலாம். உள் அறைக்குள் துருத்தி நிற்கும் 2 செ.மீ. கட்டி ஆளையே வெளுக்க வைத்துவிடும். தசைச் சுவரில் 6 செ.மீ. கட்டி, கூடவே உள்ளே ஒரு சின்னக் கட்டி என்று இரண்டும் இருந்தால், ரத்தம் போவதற்குப் பெரும்பாலும் சின்னதுதான் காரணம். ஆனால் ரிப்போர்ட்டில் பெரியதுதான் முதல் வரியில் நிற்கும், எல்லோர் கண்ணும் அதில்தான் போகும். ரிப்போர்ட்டில் கட்டிகளுக்கு 0 முதல் 8 வரை எண் வகை கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 0, 1, 2 ஆகியவை உள் அறைக்குள் துருத்துபவை. எண் இல்லையென்றால் பிறப்புறுப்பு வழி ஸ்கேனை இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டிகள் பல இருந்தாலோ, அடினோமயோசிஸ் (உள்சவ்வு தசைச் சுவருக்குள் ஊடுருவி வளர்வது) சந்தேகம் இருந்தாலோ எம்.ஆர்.ஐ. உதவும்.

அடுத்தது உள்சவ்வு பயாப்ஸி. 45 வயதை நெருங்கியவருக்கு இவ்வளவு ரத்தப்போக்கு இருக்கும்போது, அதிலும் எடை கூடுதல், சர்க்கரை, பி.சி.ஓ.எஸ். ஏதாவது இருந்தால், உள்சவ்விலிருந்து ஒரு துளி எடுத்துப் பரிசோதிக்காமல் கர்ப்பப்பையில் கை வைக்கக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் ஓ.பி.யிலேயே எடுத்துவிடலாம். சில நிமிட வேலை, மாதவிடாய் வலி போல ஒரு இழுப்பு இருக்கும். அதில் புற்று மாற்றம் தெரிந்தால் ஆபரேஷனின் திட்டமே மாறும், செய்யும் டாக்டரும் மாறலாம். கர்ப்பப்பை வாய்க்கான பாப் ஸ்மியர், தைராய்டு பரிசோதனை இரண்டும் கையோடு முடிய வேண்டும்.

எடுக்காமல் சமாளிக்க என்னென்ன இருக்கின்றன? கட்டி 0 அல்லது 1 வகை என்றால் ஹிஸ்டெராஸ்கோபி. வயிற்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கர்ப்பப்பை வாய் வழியாகக் கேமராவை விட்டு, திரவம் செலுத்தி அறையை விரித்து, கம்பி வளையத்தால் கட்டியைச் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இதில் வரும் பெரிய சிக்கல் அந்தத் திரவம்தான். வெட்டிய ரத்தக் குழாய்கள் வழியாக அது உடம்புக்குள் இறங்கும். கம்பி வளையத்துக்கு மின்சாரம் தரும் கருவியில் இரண்டு வகை உண்டு. பழைய மோனோபோலார் கருவிக்கு கிளைசின் திரவம் வேண்டும். அது 1000 மி.லி. உள்ளே போனாலே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும். பைபோலார் கருவிக்கு சாதாரண சலைன் போதும், ஆரோக்கியமான பெண்ணுக்கு 2500 மி.லி. வரை தாங்கும். இதய, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே. உள்ளே போன திரவத்துக்கும் திரும்பி வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு ஆள் தொடர்ந்து கணக்குப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ‘பைபோலாரா, மோனோபோலாரா?’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

உள் அறை பெரிதாகக் கோணவில்லை என்றால் ஹார்மோன் சுரக்கும் லூப், அதாவது மிரெனா வகை, வைக்கலாம். முதல் 3 முதல் 6 மாதம் விட்டு விட்டுத் திட்டுத்திட்டாகப் படும். ‘இது வேலை செய்யவில்லை’ என்று பலர் பிடுங்கி எறிவது சரியாக அந்தச் சமயத்தில்தான். பொறுத்திருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும். மாதவிடாய் நாட்களில் மட்டும் டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம் மூன்று வேளை, 4 நாள் வரை என்பதும் ஒரு வழி. காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அது கூடாது. கர்ப்பப்பைத் தமனியை அடைக்கும் எம்போலைசேஷன் இன்னொரு வழி. தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயை ஓட்டி, நுண்துகள்களைச் செலுத்திக் கட்டிக்குப் போகும் ரத்தத்தை நிறுத்துவார்கள். இதைச் செய்பவர் மகப்பேறு டாக்டர் அல்ல, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். அதனாலோ என்னவோ, கேட்டால் ஒழிய இது உங்கள் காதுக்கு வராது. முதல் 24 மணி நேரம் வலி கடுமையாக இருக்கும், அதற்கு முன்கூட்டியே மருந்துத் திட்டம் வேண்டும்.

44 வயது என்பதையும் மறக்க வேண்டாம். மாதவிடாய் நிற்க இன்னும் சில வருடம்தான், நின்றபின் இந்தக் கட்டிகள் பொதுவாகச் சுருங்கும். அதுவரை ஓட்ட முடியுமா என்பது நியாயமான கேள்வி. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கும் பழக்கம் நம் நாட்டில் எவ்வளவு பரவியது என்றால், 2023-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சொல்ல வேண்டிவந்தது.

இத்தனையும் பார்த்துவிட்டு, எடுப்பதுதான் சரி என்று அக்காவே முடிவு செய்தால், அப்புறம்தான் வழி.

பலரும் சொல்லாமல் விடும் வழி கீழ் வழி. கர்ப்பப்பை இறங்கியிருந்தால்தான் பிறப்புறுப்பு வழியாக எடுக்க முடியும் என்ற நினைப்பு தவறு. இறங்காத கர்ப்பப்பையையும் அப்படி எடுக்கலாம். வயிற்றில் துளையே இல்லை, முதுகில் போடும் மரப்பு ஊசியே போதும், செலவும் குறைவு. முடிகிற இடத்தில் இதுதான் முதல் தேர்வு என்பது மகப்பேறு மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடும்கூட. டி.வி.யும் கேமராவும் இல்லாததால் இதற்கு விளம்பரம் கிடையாது, அவ்வளவுதான். உங்கள் அக்கா விஷயத்தில் இரண்டு தடைகள் இருக்கின்றன. குழந்தைகள் சிசேரியனில் பிறந்ததால் பாதை விரிந்திருக்காது. முன்பக்கம் சிறுநீர்ப்பை பழைய தையல் தழும்போடு ஒட்டியிருக்கலாம். 12 வார அளவு என்பது மட்டும் தடையில்லை. துண்டு துண்டாக்கிக் கீழே இறக்கத் தெரிந்த கை வேண்டும், அவ்வளவே. ‘கீழ் வழியாக முடியாதா?’ என்று நேராகக் கேளுங்கள். பரிசோதித்துப் பார்த்து ‘பாதை குறுகல், கர்ப்பப்பை கொஞ்சமும் அசையவில்லை’ என்று காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். ‘இப்போதெல்லாம் யாரும் அப்படிச் செய்வதில்லை’ என்று மட்டும் சொன்னால், அவருக்கு அதில் பழக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப்ராஸ்கோபி என்றால் வெளியே வெட்டுதான் சின்னது, உள்ளே நடப்பது அதே பெரிய ஆபரேஷன். தொப்புளில் 10 மி.மீ. துளை, பக்கவாட்டில் 5 மி.மீ. துளைகள் இரண்டு அல்லது மூன்று. வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் உப்ப வைத்து, தலைப்பக்கம் தாழ்த்திப் படுக்க வைப்பார்கள். அதனால் முழு மயக்கம் அவசியம். நுரையீரல் அல்லது இதயம் மிகவும் பலவீனமாக இருப்பவர்களுக்கு இந்த நிலை ஒத்துவராது. ஆபத்தான கட்டங்களில் முதலாவது, முதல் துளை போடும் நொடி. ஏற்கெனவே வயிறு திறந்தவர்களுக்குக் குடல் உள்சுவரில் ஒட்டியிருக்கலாம். அக்காவின் தழும்பு குறுக்காக அடிவயிற்றில் இருந்தால் தொப்புளடியில் ஒட்டியிருக்கும் வாய்ப்பு குறைவு. நெடுக்குத் தழும்பு என்றால் தொப்புளைத் தவிர்த்து, இடது விலா எலும்புக்கு 3 செ.மீ. கீழே உள்ள இடத்திலிருந்து நுழைவது பாதுகாப்பு.

இரண்டாவது கட்டம் சிறுநீர்ப்பையைப் பிரிப்பது. சிசேரியன் ஆனவர்களுக்கு நிஜமான பரீட்சை இங்கேதான். தழும்பு இல்லாத வயிற்றில் சிறுநீர்ப்பை தானே கீழே வழுக்கிப் போகும். இரண்டு முறை தைத்த இடத்தில் அது கர்ப்பப்பை மேல் அப்பிக் கிடக்கும். நடுவில் கொண்டுபோய்ப் பஞ்சால் தள்ளினால் கிழியும். அனுபவஸ்தர்கள் இரண்டு ஓரத்திலிருந்தும் தழும்பில்லாத திசுவைப் பிடித்து நடுவுக்கு வருவார்கள், தள்ளாமல் கத்தரியால் வெட்டிப் பிரிப்பார்கள், எல்லை தெரியவில்லை என்றால் சிறுநீர்ப்பைக்குள் 200 மி.லி. அளவு நீல நிறச் சலைனை நிரப்பிப் பார்ப்பார்கள். கிழிந்தாலும் அப்போதே கண்டுபிடித்துத் தைத்து, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை யூரின் டியூப் வைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். கண்ணில் படாமல் போவதுதான் விபரீதம்.

மூன்றாவது யூரிட்டர். சிறுநீரகத்திலிருந்து வரும் அந்தக் குழாய், கர்ப்பப்பைத் தமனிக்கு அடியில், கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளி ஓடுகிறது. தமனியை மின்சூட்டால் அடைக்கும்போது சூடு பரவினால் குழாய் அன்றைக்கு நன்றாகவே தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் திசு செத்துப் பிறப்புறுப்பு வழியாகச் சிறுநீர் ஒழுகும். ஆபரேஷன் முடிவில் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டு இரண்டு பக்கமும் சிறுநீர் பீறிடுவதைப் பார்த்தால் வெட்டு, முடிச்சு போன்றவை அங்கேயே தெரிந்துவிடும், சூட்டுக் காயம் மட்டும் தப்பலாம். சிசேரியன் ஆனவருக்கு இதைச் செய்வீர்களா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

எடுத்த கர்ப்பப்பை வெளியே வருவது கீழ் வழியாகத்தான். 12 வார அளவை அப்படியே அல்லது கத்தியால் துண்டாக்கி எடுத்துவிடலாம். மின்சார மோர்செலேட்டரால் வயிற்றுக்குள்ளேயே அரைத்து எடுப்பது வேறு விஷயம். கட்டி என்று நினைத்து ஆபரேஷன் செய்த சுமார் 350 பெண்களில் ஒருவருக்கு அது கண்டுபிடிக்கப்படாத சார்கோமா எனும் புற்றுநோயாக இருக்கலாம் என்று 2014-ல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அரைக்கும்போது அது வயிறெங்கும் தெறிக்கும். வேறு வழியில்லை, அரைத்தே ஆக வேண்டும் என்றால் பைக்குள் வைத்துத்தான் அரைக்க வேண்டும்.

ரோபோ பற்றிச் சுருக்கமாக. ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. டாக்டர் கன்சோலில் உட்கார்ந்து இயக்குகிறார், கருவியின் நுனி மணிக்கட்டு போலத் திரும்புகிறது, பார்வை முப்பரிமாணம். உடல் எடை மிக அதிகம், குடலோடு ஒட்டிய ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் (உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது), கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் போன்றவற்றில் அது கைகொடுக்கும். 12 வார அளவுள்ள சாதாரணக் கட்டிக்கு, நல்ல லேப்ராஸ்கோபி டாக்டர் தருவதைவிட ரோபோ கூடுதலாக எதுவும் தருவதாக நிரூபணமில்லை. பில் மட்டும் கூடும். ஆனால் உங்கள் டாக்டர் ரோபோவில்தான் அதிகம் பழகியவர் என்றால் அவரை லேப்ராஸ்கோபிக்கு வற்புறுத்த வேண்டாம், கை பழகிய கருவிதான் பாதுகாப்பு. இன்ஷூரன்ஸ் இருந்தால் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். ரோபோ ஆபரேஷனும் எம்போலைசேஷனும் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பட்டியலிட்ட நவீன சிகிச்சைகளில் வருகின்றன, ஆனால் கம்பெனி அவற்றுக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கலாம். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் என்ற வரியும் பல பாலிசிகளில் இருக்கும்.

மாமியார் சொல்வதை அப்படியே தள்ளிவிட வேண்டாம். கேமராவில் எல்லாம் பெரிதாகத் தெரிவதால் ‘சுத்தமாக எடுக்க முடியாது’ என்பது சரியில்லைதான். ஆனால் திறந்துதான் செய்ய வேண்டிய நிலைமைகள் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் செய்யும் பெரிய ஆபரேஷனில், துளை வழியும் ரோபோவும் திறந்த முறையைவிட மோசம் என்று 2018-ல் வந்த லேக் ஆய்வு காட்டியது: நாலரை வருடத்தில் நோயில்லாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை முறையில் 86. கர்ப்பப்பை தொப்புளைத் தாண்டி வளர்ந்திருந்தாலும், சினைப்பைக் கட்டி புற்றாக இருக்கும் சந்தேகம் இருந்தாலும் திறப்பது நல்லது. துளையில் ஆரம்பித்துப் பாதியில் திறக்க வேண்டி வந்தால் அது டாக்டரின் தோல்வி இல்லை. சம்மதப் படிவத்தில் அந்த வரி இருக்கும், வீட்டில் முன்பே பேசி வையுங்கள்.

மாமியார் சொன்ன ‘சுத்தம்’ வேறொரு அர்த்தத்தில் கவனிக்க வேண்டியது. துளைக் கருவிகள் நீளமானவை, உள்ளே குழாயும் மூட்டும் உள்ளவை. ஒரே நாளில் நாலு கேஸ் என்றால் இடையில் குளுட்டரால்டிஹைடு திரவத்தில் 20 நிமிடம் ஊறப்போட்டு எடுத்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. 20 நிமிடத்தில் நடப்பது கிருமிகளைக் குறைப்பதுதான். முழுக் கிருமி நீக்கத்துக்கு அதே திரவத்தில் 10 மணி நேரம் வேண்டும். அதன்பின் குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலிருந்தே மைக்கோபாக்டீரியா வகைக் கிருமி ஒட்டும். துளை நன்றாக ஆறி, மூன்று நாலு வாரம் கழித்துச் சின்ன முடிச்சு கிளம்பும், தண்ணீர் போலக் கசியும், சாதாரண ஆன்டிபயாடிக் எதற்கும் மசியாது, மாதக்கணக்கில் இழுக்கும். முழுக் கிருமி நீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி), பிளாஸ்மா, ஈ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு வாயு) ஆகியவற்றில் எது என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடம் நல்ல இடம்.

எந்த வழியானாலும் 8.1 ஹீமோகுளோபினோடு மேஜைக்குப் போகக் கூடாது. குறைந்தது 10 வேண்டும். அக்கா 55 கிலோ என்று வைத்துக்கொண்டு 13-க்கு ஏற்ற வேண்டுமானால் கணக்கு இப்படி: 55-ஐ 4.9-ஆல் (13-க்கும் 8.1-க்கும் உள்ள வித்தியாசம்) பெருக்கி, பிறகு 2.4 என்ற நிலையான எண்ணால் பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்டினால் சுமார் 1150 மி.கி. இரும்புச் சத்து. பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் நல்லதுதான், ஆனால் மாதாமாதம் இவ்வளவு போகும்போது அவை ஈடுகட்டாது. நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்தில், அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் 200 மி.கி., கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒரே தடவையில் 1000 மி.கி. வரை போடலாம். ஹீமோகுளோபின் ஏறுவதற்கு மூன்று நாலு வாரம் ஆகும். அதற்குள் அடுத்த மாதவிடாய் வந்து ஏறியதைக் கொண்டுபோய்விடாமல் இருக்க, மாதவிடாயை நிறுத்தும் மாத்திரையோ மாதம் ஒரு லூப்ரோலைட் 3.75 மி.கி. ஊசியோ கொடுப்பார்கள். ஊசி போட்ட முதல் சில வாரத்தில் ஒருமுறை நன்றாகவே படும், பயப்பட வேண்டாம்.

சினைப்பைகளைப் பற்றி ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். 44 வயதில் அவை நன்றாக இருந்தால் விட்டுவைக்க வேண்டும். ‘எதற்கும் எடுத்துவிடலாம்’ என்று எடுத்தால் மறுநாளே மாதவிடாய் நின்ற நிலை, எலும்புக்கும் இதயத்துக்கும் கேடு. கருக்குழாய் இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது, பிற்காலச் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கும்.

வீட்டுக்கு வந்தபின் முதல் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கும். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, நடந்தால் போகும். தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்ற பத்தியமெல்லாம் வேண்டாம். மலச்சிக்கல்தான் தையலுக்கு எதிரி. ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. லாரித் தண்ணீர்க் குடம் ஒன்றே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும், கேஸ் சிலிண்டரை நகர்த்துவது பற்றிப் பேச்சே இல்லை. உள்தையல் பிரியும் ஆபத்து லேப்ராஸ்கோபியில் சற்று அதிகம் என்பதால் தாம்பத்தியம் குறைந்தது எட்டு வாரம் கழித்துத்தான்.

துளை ஆபரேஷனுக்குப் பிறகு வலி ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் குறைய வேண்டும். மூன்றாவது நாள் கூடினால், வயிறு உப்பினால், வாந்தி வந்தால், 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் ‘கேஸ்தான்’ என்று ஜெலுசில் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். குடலில் சூட்டுக்காயம் பட்டு ஓட்டை விழுவது இப்படித்தான் தலைகாட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைவது, இடுப்புப் பக்கவாட்டு வலி, தன்னறியாமல் நீர் ஒழுகுவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது ஆகியவையும் அன்றே போக வேண்டியவை.

செலவு கவலை என்றால், சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா (பெரியவர்களுக்குக் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் தெரியும்), ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மூன்றும் இதற்கென்றே உள்ள அரசு மருத்துவமனைகள். குடும்ப வருமானம் வருடம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை தனியாரிலும் செல்லும். ஆனால் அந்த மருத்துவமனை, அந்தக் குறிப்பிட்ட ஆபரேஷன் இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தையலைக் காட்டப் போகும் நாளில், எடுத்த திசுவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அது வராது, பத்து நாள் கழித்து வரும். பலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். வெறும் கட்டிதானா, அடினோமயோசிஸும் இருந்ததா, வேறு ஏதாவதா என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.